பிர்ஹாபூரில் இரண்டு நிமிடம்

பிர்ஹாபூர் சந்திப்புக்கு என்று யாரும் வருவதில்லை. அங்கே வண்டி மாறுவார்கள், அவ்வளவுதான். கிளைப் பாதை பாசஞ்சர் காலை ஒன்பது இருபதுக்கு நானூறு ஐந்நூறு பேரைப் பிளாட்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அவர்களை மேற்கே கொண்டுபோகிற வண்டி மூன்றரைக்குத்தான் வரும். மூன்று நெடுஞ்சாலைகள் கூடுகிற ஊர் என்று பெயர்தானே தவிர, பஸ்காரர்களும் அந்த மூன்றரையைப் பார்த்துத்தான் நேரம் வைத்திருந்தார்கள். ஆக, நடுவில் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தைத் தின்றே ஊர் கொழுத்திருந்தது. ஹபீப் மியானின் பூரிக்கடை, மணிக்கணக்கில் அறை விடும் நான்கு லாட்ஜுகள், போட்டோ ஸ்டூடியோ, கைரேகை பார்க்கிறவர், மூட்டை காக்கிறவர்கள், மூட்டை காக்கிறவர்களிடமிருந்து மூட்டையைக் காக்கிறவர்கள், எல்லாரையும் வாழவைத்தது அந்தக் காத்திருப்பு.

லல்லன் பரன்வாலின் பல் வைத்தியசாலையும் அப்படி முளைத்ததுதான். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல. இளவயதில் நான்கு வருடம் ஒரு பெரிய நகரத்துப் பல் டாக்டரின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்திருக்கிறார். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்ததில் தொழில் பிடிபட்டுவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. முடிதிருத்தும் கடை ஒன்று மூடியபோது அதன் சுழல் நாற்காலியை வாங்கிப்போட்டு, ஸ்டேஷன் ரோட்டில் பலகை மாட்டி, பதினேழு வருடமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அவர் பிழைத்ததன் ரகசியம் எளிமையானது. பல்வலிக்காரன் வேறு வேலையில்லாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். வலி கூடிக்கொண்டே போகும். எதிரே பலகை தெரியும். உள்ளே வந்து பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி மூன்றரை வண்டி ஏறிவிடுவான். தாடை வீங்கும்போது அவன் வேறு மாவட்டத்தில் இருப்பான். சண்டை போடுவதற்காக யாரும் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒருவர்கூட லல்லனிடம் வாயைத் திறந்து காட்டியதில்லை. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி மஹுவாகஞ்சுக்குப் போய்விடுவார்கள். போகிற வழியில், "டாக்டர் சாப், சௌக்கியமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இப்படி, நிற்பதும் போவதுமான இந்த ஏற்பாட்டில் குளிர்காய்ந்த மனிதர்தான் ஊரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த டில்லி வண்டியை அங்கே நிறுத்தியே தீருவது என்று கிளம்பினார்.

அதற்குக் காரணம் மகள் ரஜ்னியைப் பெண் பார்க்க வந்தவர். கான்பூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அந்தச் சம்பந்தி வேட்பாளர், லட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "டில்லி வண்டியிலதான் வந்தேன், லல்லன் பாபு. உங்க ஊரு வருதுன்னு ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன். பலகையில 'பிர்' வரைக்கும் படிச்சேன், ஊரு போயிடுச்சு. மஹுவாகஞ்ச்ல நின்னுச்சு. அங்க இறங்கி டெம்போவுல குலுங்கிக் குலுங்கித் திரும்பி வரேன்."

"அது வெறும் ஸ்டேஷன், பாபுஜி. இது ஜங்ஷன்."

"ஜங்ஷனா? அப்ப ஏன் நிக்கல?"

லல்லன் லட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கான்பூர்க்காரர் இன்னொரு லட்டை எடுத்துக்கொண்டார். "வண்டி நிக்காத ஊர்ல பொண்ணு எடுத்தா, மாப்பிள்ளை ஊர்வலத்த ஓடற வண்டியிலேருந்தா குதிக்கச் சொல்றது?" என்று சிரித்துவிட்டுப் போனவர், போனவர்தான்.

ரஜ்னிக்கு அடுத்த வருடமே வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. அப்பாவின் ரோஷம் மட்டும் கல்யாணமாகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. 'டில்லி வண்டி நிறுத்தப் போராட்டக் குழு' என்று ஒன்று தொடங்கினார். தலைவர் லல்லன். துணைத்தலைவர் ஹபீப் மியான். உறுப்பினர்கள் என்று பார்த்தால், பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும். ஷாமியானா போட்டு, ஜமுக்காளம் விரித்து, மாலை போட்டு உட்கார்ந்தால் பொழுதுபோகாதவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். கோஷம் போடுவார்கள். மூன்றரைக்கு வண்டி வந்ததும் குழு கலைந்துவிடும்.

எட்டரைக்கு ஹபீப் மியான் கடையில் எட்டுப் பூரியும் உருளைக்கிழங்கு சப்ஜியும் சாப்பிட்டுவிட்டு லல்லன் உண்ணாவிரதம் உட்காருவார். எந்தத் தேதியில் உட்காருவார் என்பதை முன்கூட்டிச் சொல்லமாட்டார். சில நாள் நாற்காலியில் ஆளை வைத்துப் பல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று மாலையை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவார். 'போராட்ட வேகம்' என்று ஊர் மெச்சிக்கொண்டது.

அவர் மனைவி இமர்தி தேவி மெச்சவில்லை. "ரஜ்னி அப்பா, டில்லி வண்டி நின்னா நீங்க எங்க போகப் போறீங்க?"

"நான் எங்கயும் போகல. நிக்கணும். அதான் கௌரவம்."

"தினமும் நிக்கற மூன்றரை வண்டி கௌரவமில்ல. நிக்காம ஓடறதுதான் கௌரவமா? நல்லா இருக்கு உங்க கணக்கு."

மனு எழுதினார். வாரம் ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டர் ஓஜா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கி முதல் வரியைப் பார்த்துவிட்டு, "மேல அனுப்பிடறேன்" என்பார். இப்படியே ஆறு வருடம் மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே யார் இருக்கிறார்கள் என்று லல்லனுக்கும் தெரியாது, ஓஜாவுக்கும் தெரியாது.

ஏழாவது வருடம் தேர்தல் வந்தது. எம்.பி. ரங்பகதூர் சிங்குக்குத் தான் ஐந்து வருடத்தில் என்ன செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டது. ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தது: டில்லி வண்டி பிர்ஹாபூரில் காலை ஒன்பது ஐம்பதுக்கு இரண்டு நிமிடம் நிற்கும். ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில்.

அன்று லல்லன் அழுதுவிட்டார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த ஆள், தன் பல்லைப் பார்த்துத்தான் டாக்டர் அழுகிறார் என்று பயந்து எழுந்து ஓடிவிட்டான்.

முதல் வண்டி வரும் நாளில் ஊர் கடையடைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. லல்லனுக்குக் குழுவின் சார்பில் பத்து ரூபாய்த் தாள்களைக் கோத்துக் கட்டிய மாலை போட்டார்கள். எம்.பி. பச்சைக் கொடியோடு தயாராக நின்றார். ஒன்பது ஐம்பதுக்கு வண்டி நிஜமாகவே நின்றது. அது வரைக்கும் வேகமாகப் போகும்போது மட்டுமே அதைப் பார்த்திருந்த ஜனங்கள், நின்ற நிலையில் அது சாதாரண ரயில்போலவே இருப்பதைக் கண்டு கொஞ்சம் திகைத்தார்கள்.

லல்லன் லட்டுத் தட்டோடு ஒரு பெட்டியில் ஏறினார். பயணிகளுக்கு இனிப்புக் கொடுத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தார்.

"சகோதர சகோதரிகளே! இந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பின்னாடி ஆறு வருஷம் இருக்கு. முதல் வருஷம்..."

முதல் வருடத்தைச் சொல்லி, இரண்டாம் வருடத்தைச் சொல்லி, மூன்றாம் வருடத்து உண்ணாவிரதத்துக்கு வந்தபோது காலுக்குக் கீழே ஒரு அசைவு தெரிந்தது. வாசலுக்கு ஓடினார். பிளாட்பாரம் நகர்ந்துகொண்டிருந்தது. கதவருகே லட்டுத் தட்டோடு நின்ற அவரைப் பார்த்த கூட்டம், ரயில்வே மந்திரிக்கு நன்றி சொல்ல டாக்டர் சாப் நேரே டில்லிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டது. "லல்லன் பரன்வால் ஜிந்தாபாத்!" என்று முன்னைவிட உரக்கக் கத்தியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இவர் கத்தியதும் கோஷம்போலவே கேட்டது. கேட்டவர்கள் அதையும் திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்த நிறுத்தம் ஹரிஹர்நகர். நூற்றுப்பத்து கிலோமீட்டர்.

முதலில் வந்தவர் டிக்கெட் பரிசோதகர். "டிக்கெட்?"

"நான்தான் இந்த வண்டிய நிறுத்தினவன்."

"செயினப் புடிச்சு இழுத்தீங்களா? அதுக்குத் தனி அபராதம்."

லல்லன் விளக்கினார். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டார், தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துச் சாப்பிட்டார், பிறகு கையை நீட்டினார். குர்தாவில் பையிருந்தது, பையில் ஒன்றும் இல்லை. பெட்டியே பார்த்துக்கொண்டிருக்க, கழுத்து மாலையிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பிய்த்துக் கொடுத்தார் போராட்டக் குழுத் தலைவர். ரசீது கைக்கு வந்தபோது மாலையில் மிஞ்சியது ஜிகினாவும் நூலும்தான்.

"இப்படி வந்து உக்காருங்க டாக்டர் சாப்" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

ஐம்பது வயதுப் பெண்மணி. பருத்திப் புடவை, மடியில் ஒரு ஃபைல், மூக்கில் கண்ணாடி. பள்ளிக்கூடத்து நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். லல்லன் நன்றியோடு எதிரே உட்கார்ந்தார்.

"பஹன்ஜி எங்க ஏறினீங்க?" என்றார், சகோதரி என்று மரியாதை கொடுத்து.

"உங்க ஊர்லதான். பாசஞ்சர்ல இறங்கினேன், அரை மணியில இதுல ஏறிட்டேன். காத்திருக்கவே இல்ல. எல்லாம் உங்க புண்ணியம்."

லல்லனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆறு வருடப் பாடுக்கு ஒரு உயிருள்ள சாட்சி. "என்ன பெரிய புண்ணியம்! பொதுஜன சேவை. பஹன்ஜி பேரு?"

"விந்தியவாசினி ராய். பட்ஸரா பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு வருத்தந்தான். இந்த வண்டி அஞ்சு வருஷம் முன்னாடி நின்னிருந்தா எனக்கு ரெண்டு பல்லு மிஞ்சியிருக்கும்."

லல்லன் லட்டுத் தட்டைப் பார்த்தார்.

"ஞாபகமில்லையா? இடது பக்கம், கீழ, லேசா ஒரு வலி. சும்மா இருந்திருப்பேன். ஆறு மணி நேரம் உங்க பலகையப் பார்த்துக்கிட்டே உக்காந்தா யாருக்குத்தான் பல்லு வலிக்காது? உள்ள வந்தேன். நீங்க வலது பக்கம் புடுங்கினீங்க."

"அது... சில நேரம் வலி ஒரு பக்கம் தெரியும், வேர் இன்னொரு பக்கம் இருக்கும்..."

"அப்படித்தான் அன்னைக்கும் சொன்னீங்க. அப்புறம் இடதையும் புடுங்கினீங்க. 'இது முன்னெச்சரிக்கை, அதுதான் வைத்தியம்'னீங்க. எது எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

மேல் பலகையில் படுத்திருந்த ராணுவக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த குடும்பம் உரிப்பதை நிறுத்தியது.

"திரும்பி வந்து சொல்லியிருக்கலாமே, பஹன்ஜி. பார்த்துக் கொடுத்திருப்பேன்" என்றார் லல்லன், குரலைத் தாழ்த்தி.

"வந்தேனே! மூணு தடவை வந்தேன். தெருமுனையில திரும்பறேன், நீங்க மாலையப் போட்டுக்கிட்டு ஓடறீங்க. 'டாக்டர் சாப் உண்ணாவிரதத்துல இருக்காரு'ன்னாங்க. பட்டினி கிடக்கற மனுஷனப் போய்த் திட்டறதாவதுன்னு மூணு தடவையும் திரும்பிட்டேன்." அவள் சுற்றிலும் பார்த்தாள். "ஊருக்காகப் பட்டினி கிடக்கறார்னு என் பள்ளிக்கூடத்துல பசங்ககிட்ட உங்களப் பத்திச் சொல்லிக்கூட இருக்கேன்."

பெட்டி சிரித்தது. ராணுவக்காரர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டு, "டாக்டர் சாப், எனக்கும் இங்க ஒரு பல்லு ஆடுது, பாருங்களேன்" என்று வாயைத் திறக்கப் போனார்.

"மூடுப்பா வாயை!" என்றாள் ஹெட்மாஸ்டர். அவர் டப்பென்று மூடிக்கொண்டார்.

லல்லன் எழுந்து வேறு பெட்டிக்குப் போகலாமா என்று பார்த்தார். நடுவழியில் ஒரு கல்யாணக் கோஷ்டி டிரங்குப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை. நிற்காமல் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆறு வருடத்தில் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பதினேழு வருடமாக அவரிடம் வந்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது ஒருத்தி எதிரே இருக்கிறாள், போகமாட்டேன் என்கிறாள். போதாக்குறைக்கு அவருடைய மேல்வரிசைக் கடைவாய்ப்பல் வேறு விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. இரண்டு வருடமாக அவர் கிராம்பு வைத்து அடக்கிவந்த பல்.

"நீங்க எங்க போறீங்க, பஹன்ஜி?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார், பேச்சை மாற்ற.

"ஹரிஹர்நகர்ல பல் ஆஸ்பத்திரிக் காலேஜ் இருக்கு. ரெண்டு பல்லையும் கட்டிக்கப் போறேன். நீங்களும் வரீங்க."

"நானா? எனக்கு ஊர்ல வேலை..."

"மூணு தடவை நான் உங்க ஊர்ல நின்னேன். ஒரு தடவை நீங்க என்கூட வந்து நில்லுங்க."

பெட்டியில் எல்லாரும் தலையாட்டினார்கள், தீர்ப்பு நியாயமாகத்தான் இருக்கிறது என்பதுபோல.

காலேஜில் வரிசை நீளமாக இருந்தது. டோக்கன் கொடுக்கிற ஜன்னலைப் பார்த்ததும் லல்லனுக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த உலகத்தில் அவருக்கு நிஜமாகத் தெரிந்த ஒரே இடம் அது. எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று மோப்பம் பிடித்து, ஹெட்மாஸ்டரை அரை மணிக்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார். உள்ளே வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு பெண் இருந்தாள். இறுதி வருட மாணவி, ஃபர்ஹீன் என்று சட்டையில் எழுதியிருந்தது. ரஜ்னியைவிடச் சின்னவள். ஹெட்மாஸ்டரின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவள், விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"எலும்பே உடைஞ்சு சேர்ந்திருக்கு. யாரு பஹன்ஜி புடுங்கினது? மரம் வெட்டறவரா?"

லல்லன் ஜிகினா மாலையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டு சுவர்ப் படத்தைப் பார்த்தார். அதில் பல்லை வெட்டி உள்ளே இருக்கிற நரம்பையெல்லாம் காட்டியிருந்தார்கள். இத்தனை சமாச்சாரம் உள்ளே இருப்பது அவருக்குப் புதுசு.

விந்தியவாசினி ராய் அவரைப் பார்க்கக்கூட இல்லை. "யாரோ, மகளே. வண்டி மாறற எடத்துல ஒரு ஆளு" என்றாள். பிறகு எழுந்து, "இவருக்கும் பாரு. வழி பூரா கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வந்தார்" என்று லல்லனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

லல்லனின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டது. பதினேழு வருடமாக எத்தனையோ கைகள் அப்படிப் பற்றியதை அவர் நின்றபடி பார்த்திருக்கிறார். எரிச்சலோடு விரல்களைப் பிரித்துவிட்டிருக்கிறார்.

"ரொம்ப வலிக்குமா, மகளே?" அவருக்கே அடையாளம் தெரியாத குரலில் கேட்டார்.

"ஊசி போட்டுத்தானே எடுப்போம், அங்கிள். ஊசி எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்தில் டிங் என்று விழுந்த பிறகுதான் பல் வெளியே வந்ததே தெரிந்தது. ஃபர்ஹீன் பஞ்சை வைத்து, "முடிஞ்சுது, எந்திரிங்க" என்றாள். லல்லன் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா அங்கிள்?"

இல்லை என்று தலையாட்டினார். வலிக்காததுதான் அவரை அறைந்திருந்தது. ஊசி என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. வாசலில் உட்கார்ந்த காலத்திலேயே பார்த்திருக்கிறார். அது பணக்காரர்களுக்கான சொகுசு, வண்டி மாறுகிறவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். அந்தக் கூச்சல்கள், இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள அவர் முட்டியை நெஞ்சில் ஊன்றிப் பிடுங்கிய அந்த நாட்கள், எதற்கும் அவசியமே இருந்திருக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் கொடுத்த காசில் சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஊசி மருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இமர்தி தேவி வாசலில் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். "ஐயோ ரஜ்னி அப்பா! டில்லியில யாரு அடிச்சாங்க?"

இனிமேல் பல்லைத் தொடுவதில்லை என்று லல்லன் அன்றே சபதம் செய்தார். மறுநாளிலிருந்து ஆளே வராததால் சபதத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

அவரிடம் மட்டுமில்லை, யாரிடமும் ஆள் வரவில்லை. பாசஞ்சரில் இறங்கினவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடி, டில்லி வண்டியில் தொற்றிக்கொண்டு பத்து மணிக்குள் மாயமாகிவிட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் பத்தரைக்கு நாய்கள் மட்டும் படுத்திருந்தன. போட்டோ ஸ்டூடியோக்காரர் தன்னையே படமெடுத்து மாட்டினார். ஒரு லாட்ஜில் கோழி வளர்த்தார்கள். கைரேகைக்காரர் இது வரப்போகிறது என்று தனக்கு முன்பே தெரியும் என்றார். அவரை அடிக்கப் போனார்கள்.

மூன்றாவது வாரம் குழு லல்லன் வீட்டில் கூடியது. ஹபீப் மியான் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "உங்க வண்டி என் பூரி அத்தனையும் தின்னுடுச்சு, டாக்டர் சாப்."

"என் வண்டியா? நீங்கதானே துணைத்தலைவர்? கோஷம் போட்டதே நீங்கதான்."

"கோஷம் போட்டேன். நிக்கும்னா நினைச்சேன்? ஆறு வருஷமா நிக்காத வண்டி ஏழாவது வருஷம் நிக்கும்னு எந்த முட்டாள் நினைப்பான்? ஷாமியானா போட்டா பத்துப் பேரு கூடுவான், பத்துப் பேரும் பூரி தின்னுவான். எனக்குப் போராட்டந்தான் வேணும், அண்ணே. வண்டி யாருக்கு வேணும்?"

நிறுத்தத்தை ரத்து செய்யச் சொல்லிப் போராடுவது என்று முடிவானது. தலைமை தாங்க அனுபவஸ்தர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். லல்லன் தயங்கினார். அந்த வண்டியால் அவருக்குத் தொழில் போனது, உண்மைதான். ஆனால் அரை மணியில் வண்டி மாறிப் போன ஹெட்மாஸ்டரின் முகம் நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது. நின்றாலும் என்ன, ஊர்ப் பேச்சைத் தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. பழைய மனுவை எடுத்து, 'வேண்டும்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'வேண்டாம்' என்று மாற்றினார். மற்ற வரிகள் அப்படியே பொருந்தின. 'மக்களின் நீண்டநாள் கோரிக்கை' என்ற வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஓஜா கண்ணாடியைத் தூக்கி முதல் வரியைப் பார்த்தார். "மேல அனுப்பிடறேன்."

இந்தத் தடவை ஊரே எழுதியது. நான்கு மாதம், தினம் ஒரு மனு. லாட்ஜ்காரர்கள் ரத்தத்தால் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்கள். பார்த்தால் பான் எச்சில்போலத்தான் இருந்தது. சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. ஓஜா அதை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

"பிர்ஹாபூர் மக்கள் வண்டி நிறுத்தம் தொடர்பாகத் தொடர்ந்து காட்டிவரும் ஆர்வத்தைக் கருதி, மேற்படி நிறுத்தம் நிரந்தரமாக்கப்படுகிறது. கூடுதலாக, மேலும் ஒரு விரைவு வண்டி காலை பத்து ஐந்துக்கு இரண்டு நிமிடம் நிற்கும்."

கூட்டம் லல்லனைத் திரும்பிப் பார்த்தது.

"நாங்க வேண்டாம்னுதானே எழுதினோம்?" என்றார் லல்லன்.

"மேல படிக்கவா போறாங்க, டாக்டர் சாப்?" ஓஜா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "ஃபைல் எவ்வளவு தடிமன்னு பார்ப்பாங்க. உங்களது தலகாணி உசரம் வந்துடுச்சாம்."

இரண்டாவது வண்டிக்கும் விழா நடந்தது. தேர்தலில் ஜெயித்திருந்த ரங்பகதூர் சிங் மறுபடி வந்தார். அதே பேண்டு, அதே ஷாமியானா. "டாக்டர் லல்லனின் விடாப்பிடியான மனுக்களே இந்த வெற்றிக்குக் காரணம்!" என்று முழங்கி, மைக்கை அவர் கையில் கொடுத்தார். லல்லன் கூட்டத்தைப் பார்த்தார். மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை முகமும் முன்வரிசையில் இருந்தது.

"சகோதர சகோதரிகளே, உண்மையச் சொல்லிடறேன். நாங்க கேட்டது வண்டி வேண்டாம்னு."

ஒரு கணம் பேண்டுகூட நின்றது. எம்.பி. அவர் முதுகில் ஓங்கித் தட்டி, "பார்த்தீங்களா இந்த மனுஷனோட அடக்கத்தை! தனக்குன்னு எதுவும் வேண்டாம்ங்கறார்!" என்றார். கைதட்டல் பிளாட்பாரக் கூரையில் இருந்த புறாக்களையெல்லாம் கிளப்பிவிட்டது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் ஹபீப் மியான்.

கூட்டம் கலைந்ததும் லல்லன் அவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்கு மியான் தட்டினீங்க?"

"எம்.பி. என்னையே பார்த்தாரு, அண்ணே. கை தானாத் தட்டிடுச்சு." ஹபீப் மியான் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தார். விழா லட்டு எங்கேயோ பல்லில் போய் இறங்கியிருந்தது. லல்லன் அதைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நீங்க தொடக் கூடாது. முப்பது வருஷ சிநேகம், கெடுத்துக்க வேண்டாம். நீங்க பல்லு எடுத்துக்கிட்ட அந்த ஹரிஹர்நகர் காலேஜு எங்கிட்டு இருக்கு, அத மட்டும் சொல்லுங்க."

"சொன்னா உங்களுக்கு வரிசை புரியாது. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

மறுநாள் ஒன்பது ஐம்பது வண்டியில் இரண்டு பேரும் போனார்கள். ஃபர்ஹீன் ஊசியை எடுப்பதற்கு முன்பே ஹபீப் மியான் அல்லாவையும் தன் காலஞ்சென்ற தாயாரையும் கூப்பிட்டுக் கத்திவிட்டார். எடுத்து முடித்த பிறகு, எடுத்ததை நம்பாமல் நாக்கால் நாலு தரம் தடவிப் பார்த்தார். திரும்புகிற பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "பதினேழு வருஷம் உங்க கடைக்கு எதிர்ல உக்காந்து அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே பூரி சுட்டிருக்கேன், அண்ணே. ஒரு நாளும் வந்து கேக்கல" என்றார்.

"கேட்டிருந்தா உங்க வியாபாரமும் படுத்திருக்கும், மியான்."

"அதான் கேக்கல" என்றார் ஹபீப் மியான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கு பேர் வந்து லல்லன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதற்கடுத்த செவ்வாய் ஒன்பது பேர். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், காலேஜில் வலிக்காமல் எடுப்பதாக ஹபீப் மியான் சொல்லக் கேட்டவர்கள், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்கள். இமர்தி தேவி கணவரின் கையில் சத்துமாவுப் பொட்டலத்தையும் ஒரு குடையையும் கொடுத்தாள். "டோக்கன் வேலைதான் உங்களுக்குத் தெரிஞ்ச தொழில்னு கல்யாணமான புதுசுலயே சொன்னேன். கேட்டாத்தானே" என்றாள். லல்லன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒன்பது பேரையும் எண்ணிப் பார்த்துக்கொண்டு, வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும், சீக்கிரம் நடங்கள் என்று விரட்டியபடி ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.